ரம்பத் தகட்டில் கை வைப்பதற்கு முன்

பழைய ரம்பம் என்றால் நல்ல கத்தி ஆகும் என்பார்கள். கத்தி செய்து பிழைக்கிற என்னிடம் கேட்டால், பாதி உண்மை. எந்த ரம்பம் என்று பார்க்க வேண்டும்.

மரம் அறுத்த பழைய கைரம்பம் பெரும்பாலும் கார்பன் மிகுந்த எஃகு. அதில் கத்தி அருமையாக வரும். ஏமாற்றுவது வட்ட ரம்பம்தான். பல்லில் கார்பைடு என்கிற மிகக் கடினமான பொருளின் துண்டு ஒட்டியிருந்தால் வெட்டுகிற வேலை அந்தத் துண்டுடையது. தகடு அதைத் தாங்கினால் போதும். அதனால் தகட்டில் என்ன எஃகு இருக்கும் என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் அப்படி ஒரு தகட்டில் மூன்று கத்தி வெட்டி, பிடிக்குத் துளையெல்லாம் போட்டு, தோய்ச்சல் போட்டேன், அதாவது கெட்டிப்படுத்தப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். கெட்டிப்பட்டிருந்தால் அரம் வழுக்க வேண்டும். என்னுடையது சுகமாகச் சீவிக்கொண்டு போனது!

இப்போது முதலில் விரலகலத் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்வேன். காந்தம் ஒட்டாத அளவுக்குப் பழுத்ததும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்குவேன். அரம் வழுக்கினால் அடுத்த சோதனை: குறட்டில் பிடித்து, துணியால் மூடி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தட்டு. சட்டென்று ஒடிந்து, முறிவு சாம்பல் நிறத்தில் பட்டுப்போல நைசாக இருந்தால் சரி. சர்க்கரையைப் போல மினுமினுத்தால் சூடு கூடிவிட்டது, எஃகில் தப்பில்லை. ஒடியாமல் வளைந்தால் அந்தத் தகட்டை விட்டுவிடுங்கள்.

அப்புறம் தூசி. கார்பைடு பல்லை மட்டும் கிரைண்டரில் அரைக்காதீர்கள். அதில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. பல்லை ஒட்டிய பற்றாசில், சூடானால் நச்சுப்புகை விடும் காட்மியம் இருக்கலாம் என்பதால் அந்த விளிம்பை உலையிலும் வைக்கக் கூடாது. பல் இருக்கும் ஓரத்தைத் தொடாமல், உள்பக்கமாகத் தள்ளி வெட்டுங்கள். பூச்சு, பெயின்ட் இருந்தால் காய்ச்சுவதற்கு முன்பே சுரண்டிவிடுங்கள். சாதாரண எஃகுத் தூசிக்கும் முகத்தில் கட்டிய துணி போதாது. வடிகட்டி வைத்த சுவாசக் கவசம் வேண்டும்.

தோய்ச்சல் போட்ட கத்தி எளிதில் ஒடியும். அந்த ஒடிவு குறைய, அதை அன்றே சுமார் 200 டிகிரி சூட்டில், ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்து எடுப்பேன். மெருகேற்றிய இடத்தில் வைக்கோல் நிறம் வரும். ஒரு முறை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசை ஓரத்தில் வைத்தேன். காலையில் முழங்கை பட்டுக் கீழே விழுந்தது. பொறுக்கியது இரண்டு துண்டு.