இணைவு இயந்திரத்தில் கசிவைப் பிடிப்பது எப்படி?

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பிரான்சின் கடராஷில் எழுந்துவரும் ஐட்டர் அணுக்கரு இணைவு இயந்திரத்தில், 2022 மே மாதம் குழிக்குள் இறக்கிய பெரும் பாகத்தை 2023 ஜூலையில் மறுபடி வெளியே தூக்கிவிட்டார்களாமே, குழாயில் விரிசல் என்றால் வைத்த இடத்திலேயே பற்றவைத்துவிட்டு வேலையைத் தொடரக் கூடாதா? தொழில் தெரிந்தவரின் கேள்வி இது. இணைவு ஆராய்ச்சியில் ஆண்டுகளை விழுங்குவது பெரும்பாலும் இந்தப் பராமரிப்பு வேலைதான் என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைந்து ஹீலியமாக மாறி ஆற்றலை வெளிவிடுவதையும், அதற்குப் பத்துக் கோடி டிகிரிக்கும் மேலான வெப்பம் தேவைப்படுவதையும், அந்த வெப்பத்தில் உருவாகும் மின்னூட்டம் கொண்ட வாயுவான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் சுவரில் படாமல் பிடித்து வைப்பதையும் பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் அந்தப் பிளாஸ்மா எவ்வளவு மெலிந்தது என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கே அதன் அடர்த்தி. இவ்வளவு மெலிந்த பிளாஸ்மாவில் சிறிதளவு ஆக்சிஜனோ நைட்ரஜனோ கலந்தாலும், அந்த அணுக்கள் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வாரி இறைத்துப் பிளாஸ்மாவைக் குளிர வைத்துவிடும். ஆகவே பிளாஸ்மாவை அடக்கியிருக்கும் வெற்றிடக் கலனைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். சுவரில் ஒட்டிய நீர் மூலக்கூறுகள் கழன்று வரும்படி 150 டிகிரியோ அதற்கு மேலோ சூடேற்ற வேண்டும். பிறகு மெல்லிய மின்னிறக்கத்தால் சுவரைத் துலக்க வேண்டும். இங்கிலாந்தின் ஜெட் இயந்திரத்தில் கார்பன் ஓடுகள் டிரிட்டியத்தைத் தம்முள் தேக்கிக்கொண்டதால், அவற்றை அகற்றி பெரிலியமும் டங்ஸ்டனும் பதிக்கும் பணி 2009 முதல் 2011 வரை நடந்தது. ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ், நீரால் குளிரும் பாகங்களைப் பொருத்துவதற்காக 2018 இறுதியிலிருந்து 2022 வரை நிறுத்தப்பட்டிருந்தது. இவ்வளவும் முடிந்த பிறகு எஞ்சும் கேள்வி, கலன் எங்காவது கசிகிறதா என்பதுதான். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த வேலை இந்தக் கசிவுத் தேடலே.

மாட்டுத்தாவணி சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டுபவர் டியூபில் காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைப் பார்த்து ஓட்டையைக் கண்டுகொள்கிறார். வெற்றிடக் கலனில் கசிவின் திசை தலைகீழ்: வெளிக்காற்றுதான் உள்ளே புகுகிறது, குமிழி எதுவும் தெரியாது. எனவே கலனுடன், எந்த வாயு உள்ளே இருக்கிறது என்பதை அதன் நிறையைக் கொண்டு அறியும் நிறை நிறமாலைமானியை இணைத்துவிட்டு, வெளியே ஒவ்வொரு பற்றவைப்புத் தையலின் மீதும் மெல்லிய குழல்முனையால் ஹீலியத்தைப் பீய்ச்சுகிறார்கள். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்கே இருப்பதாலும், அது எதனுடனும் வினைபுரியாமல் மிக நுண்ணிய துளையிலும் நுழைந்துவிடுவதாலும், கருவியில் ஹீலியம் தென்பட்டால் குழல்முனைக்கு அருகேதான் துளை இருக்கிறது என்று பொருள். தேடலை மேலிருந்து கீழாகத்தான் நடத்த வேண்டும். ஹீலியம் காற்றைவிட இலேசானது. கீழ்த் தையலில் பீய்ச்சியது மேலெழுந்து மேல்தையலின் துளைக்குள் நுழைந்தால், குற்றமற்ற தையலின் மீது பழி விழும். இக்கருவிகளின் கூர்மை வியக்கத்தக்கது. ஒரு கன சென்டிமீட்டர் காற்று உள்ளே புக ஏறத்தாழ 30 ஆண்டுகள் எடுக்கும் கசிவையும் அவை காட்டிக்கொடுத்துவிடும்.

இணைவு இயந்திரத்திற்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. நிறமாலைமானி அயனிகளை நிறையைக் கொண்டு பிரிக்கிறது. ஹீலியத்தின் நிறை 4. எரிபொருளான டியூட்டிரியத்தின் அணு நிறை 2, இரண்டு அணுக்கள் சேர்ந்த அதன் மூலக்கூறின் நிறையும் 4. சோதனைகள் நடந்த கலனின் சுவர்களிலிருந்து டியூட்டிரியம் பல நாட்களுக்குக் கசிந்தவண்ணம் இருக்கும். துல்லியமாகச் சொன்னால் ஹீலியம் 4.0026, டியூட்டிரிய மூலக்கூறு 4.0282, சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்றே. இதற்குக் கண்ட தீர்வு மிக அழகானது. கருவியில் வாயுவை அயனியாக்குவது ஒரு சூடான இழையிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்கள். டியூட்டிரிய மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க சுமார் 15.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கான அலகு) போதும், ஹீலியமோ 24.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைவாக எதற்கும் அசையாது. எனவே முதலில் எலக்ட்ரான்களின் ஆற்றலை 20 அளவில் நிறுத்தினால் டியூட்டிரியம் மட்டுமே பதிவாகும். அடுத்து ஆற்றலை 24.6-ஐத் தாண்டி உயர்த்தினால் இரண்டும் பதிவாகும். முன்னதாக அளந்து வைத்த விகிதத்தின்படி டியூட்டிரியத்தின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது ஹீலியம். எடையால் பிரிக்க இயலாத இரண்டை, எலக்ட்ரானை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பதைக் கொண்டு பிரிக்கும் இந்த உத்தியை எண்ணும்போதெல்லாம் குவாண்டம் இயற்பியல் எனக்குக் கையில் எடுத்து வேலை செய்யும் கருவியாகவே தோன்றுகிறது.

இனி ஐட்டருக்கு வருவோம். அங்கே கசிந்தது, கலனுக்கும், மிகக் குளிரில் மின்தடையின்றி இயங்கும் மீக்கடத்திக் காந்தங்களுக்கும் நடுவே நிற்கும் வெப்பத்தடுப்புக் கவசத்தின் குளிர்விப்புக் குழாய். தயாரிப்பின்போது பற்றவைப்பின் ஓரங்களில் தங்கிவிட்ட குளோரின் எச்சம், இழுவிசைக்கு உள்ளான எஃகை மெல்ல அரித்து விரிசலாக்கியிருந்தது. ஒரு குழாயில் அது நேர்ந்தால், அதே முறையில் செய்யப்பட்ட ஏறத்தாழ 23 கிலோமீட்டர் குழாய்களில் எதையும் நம்ப இயலாது. பாகங்கள் முழுவதும் பொருந்திய பின் அந்த இடுக்கில் கை நுழையவும் வழியில்லை. ஆகவே வெளியே எடுத்ததே சரியான முடிவு. குஜராத்தின் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு: எஸ்எஸ்டி-1 இயந்திரத்தைப் பிரித்து, காந்தச் சுருள்களை ஒவ்வொன்றாகக் குளிர்வித்துச் சோதித்து, திரும்பப் பொருத்திய பின்பே 2013 ஜூனில் அதில் முதல் பிளாஸ்மா உருவானது. குளிர்விப்பது ஏனென்றால், அறை வெப்பநிலையில் ஒழுங்காக இருக்கும் தையல்கூட, உலோகம் சுருங்கும்போது வாய் திறக்கலாம். அதே வளாகத்தில் 1989 முதல் இயங்கிய ஆதித்யா என்ற இணைவு இயந்திரத்தைப் பிரித்து, சதுரக் குறுக்குவெட்டு கொண்ட கலனுக்குப் பதிலாக வட்டக் குறுக்குவெட்டுக் கலனைப் பொருத்தி, 2016இல் ஆதித்யா-யு ஆக்கினார்கள். புதிய இயந்திரத்தின் தொடக்க விழாவுக்குக் கிடைக்கும் பணமும் செய்தியும், பழையதைப் பிரித்துப் பூட்டும் இத்தகைய வேலைக்கும் அதைச் செய்யும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பராமரிப்புக்கான ஒதுக்கீட்டை வெட்டுகிறவர்கள் ஆராய்ச்சியையே வெட்டுகிறார்கள்.

இதுவரை சொன்னவை மனிதர் உள்ளே நுழைந்து செய்யக்கூடிய வேலைகள். டிரிட்டியம் எரியத் தொடங்கியதும் 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் பாயும் நியூட்ரான்கள் சுவரையே கதிரியக்கம் உள்ளதாக்கிவிடும். அதன் பிறகு உள்ளே மனிதர் இறங்க முடியாது. 1997இல் டிரிட்டியச் சோதனை நடத்திய ஜெட்டில், மறு ஆண்டே கலனின் அடிப்பகுதிப் பாகங்களை முழுக்க முழுக்க இயந்திரக் கைகளால் மாற்றினார்கள். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவரின் கைகளுக்கு, உள்ளே திருகாணி இறுகும்போது எழும் எதிர்ப்பையும் கருவியின் கனத்தையும் உணர்த்தும் வகையில் அவை வடிவமைக்கப்பட்டிருந்தன. டிரிட்டியம் எரிக்கும் கட்டத்தை ஐட்டர் அடைந்த பிறகு, கலனுக்குள் ஓடு மாற்றுவது, குழாய் வெட்டுவது, மீண்டும் பற்றவைப்பது எல்லாம் இத்தகைய கைகளின் பொறுப்பாகிவிடும்.