உங்கள் பையன் தன்னை நரி என்று நினைக்கவில்லை

பிள்ளை தன்னை விலங்கு என்று நினைக்கிறதோ என்று பயந்து என்னிடம் வந்தவர்களில், இந்த வருடத்தில் இது நான்காவது குடும்பம். அதனால் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பதின்பருவப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஃபர்ரிகள், அதாவது விலங்குப் பாத்திரங்களின் ரசிகர்கள், கூடும் ஆந்த்ரோகான் என்னும் மாநாடு 2006இல் இந்த ஊருக்கு வந்தது. கோடையில் மாநாட்டு மையத்தைச் சுற்றி நரியும் ஓநாயுமாக வேடமிட்டவர்கள் ஊர்வலம் போவார்கள், ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். அது முடிந்த கையோடு நம் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும்.

சென்ற மாதம் வந்த அப்பா உட்காரக்கூட இல்லை. "மேடம், இவன் தன்னை நரின்னு நினைச்சுக்கிட்டிருக்கான்" என்றார். பையனுக்குப் பதினாறு வயது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குனிந்த தலையை அவன் நிமிர்த்தவே இல்லை.

தனியாகப் பேசியபோதுதான் விஷயம் வெளிவந்தது. நரி அவன் எழுதும் கதையின் நாயகன், எங்கள் ஊரின் மோனோங்கஹேலா மலைச்சரிவு ரயிலில் வேலை பார்ப்பவன். 1870இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலைக் கம்பிவடம் எப்படி இழுக்கிறது என்று எனக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தான். அவனுடைய இணையப் பக்கத்தில் ரயில் படங்கள், மிருதங்கக் கோர்வைகள், ஓட்டைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிய கதை, செஸ் புதிர்கள் எல்லாம் இருந்தன. அப்பாவின் கண்ணில் பட்டது நரி மட்டும்தான். அன்றைக்கே லேப்டாப்பைப் பிடுங்கி, பத்து மாதம் எழுதியதை அழித்துவிட்டார்.

சரி, இன்னொரு முறை சொல்கிறேன். மனிதரைப் போலப் பேசி, உடுத்தி, வேலைக்குப் போகும் விலங்குப் பாத்திரங்களின் ரசிகர்தான் ஃபர்ரி. அவர்களில் பலர் தனக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வார்கள், அதற்குப் பெயர் ஃபர்சோனா. கிட்டத்தட்டப் புனைபெயர் மாதிரி. பெண் பெயரில் எழுதிய ஆண் எழுத்தாளர்களை நாம் ஆஸ்பத்திரிக்கா கூட்டிப்போனோம்? முழு வேட உடை ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், பெரும்பாலான ஃபர்ரிகளிடம் அது கிடையாது. உள்ளுக்குள் தான் ஒரு விலங்கு என்றே உணர்பவர்களைத் தேரியன் என்பார்கள். அது வேறு விஷயம், இதோடு போட்டுக் குழப்பாதீர்கள். மனநோய்களைப் பட்டியலிடும் டிஎஸ்எம்-5 கையேட்டில் ஃபர்ரி என்றொரு நோய் இல்லை. நானும் தேடி அலுத்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பூனை மணல் கதை, அதாவது வீட்டுப் பூனைகள் மலஜலம் கழிக்க வைக்கும் மணல். பள்ளிக் கழிப்பறையில் ஃபர்ரி பிள்ளைகளுக்காக மணல் தட்டு வைக்கிறார்களாம். 2022இல் மாநிலம் மாநிலமாகப் பரவிய வதந்தி, விசாரித்த இடமெல்லாம் பொய் என்றே தெரிந்தது. கொலராடோவில் ஒரு பள்ளி மாவட்டம் வகுப்பறைகளில் பூனை மணல் வைத்திருந்தது உண்மை. எதற்குத் தெரியுமா? துப்பாக்கியோடு யாராவது நுழைந்து, பிள்ளைகள் மணிக்கணக்கில் வகுப்பில் அடைபட்டால் அவசரத்துக்கு. பயப்பட வேண்டியது அதற்குத்தான். வாட்ஸப்பில் இந்த வதந்தியை எனக்கு அனுப்பாதீர்கள், ப்ளீஸ்.

அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் நரியைப் பற்றி அல்ல. இந்த ஃபர்ரி உலகத்தில் வயது வந்தவர்கள் நிறைய, அவர்களுக்கென்றே எழுதப்படும் கதைகளும் வரையப்படும் படங்களும் உண்டு. இருவர் மாறி மாறி எழுதும் ரோல்பிளேயில், டிஸ்கார்ட், டெலிகிராம் மாதிரி அரட்டைச் செயலிகளில் தனியாக அழைத்து, "கதைதானே" என்று சொல்லிச் சொல்லியே எல்லை தாண்டும் ஆட்கள் இருக்கிறார்கள். நான்கு குடும்பங்களில் ஒன்றில் அதுதான் நடந்தது. பதினான்கு வயதுப் பெண் ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை. சொன்னால் அம்மா லேப்டாப்பைப் பிடுங்கிவிடுவாள், கதையெல்லாம் போய்விடும் என்று பயம்.

அதனால் பிடுங்காதீர்கள். கணக்கில் உண்மையான பிறந்த தேதி இருக்கட்டும். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து தனிச்செய்தி வருவதை நிறுத்தி வையுங்கள். பள்ளிப் பெயர், ஊர், முகம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். யாருடன் சேர்ந்து எழுதுகிறாய், அவருக்கு என்ன வயது என்று அதட்டாமல் கேளுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் உரையாடலை அழிக்காதீர்கள், பிள்ளைகள் மீதான பாலியல் சுரண்டலைப் புகார் செய்வதற்கான அமெரிக்கச் சேவையான சைபர்டிப்லைனில் புகார் கொடுங்கள். அந்தரங்கப் படம் வெளியே போயிருந்தால், அதை இணையத்திலிருந்து நீக்க உதவும் டேக் இட் டவுன் சேவை இருக்கிறது, இலவசம்தான்.

அந்த அப்பாவுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: ஒரு சனிக்கிழமை பையனோடு அந்த மலைச்சரிவு ரயிலில் ஏறுங்கள், அவன் பேசட்டும். நேற்று பையனிடம் கேட்டேன். இன்னும் போகவில்லையாம். அப்பாவுக்கு வேலை அதிகமாம்.