பனி எரித்த புல் செத்துவிடவில்லை

நுவரெலியாப் பக்கம் வீட்டு முன்னால் புல் வளர்ப்பவர்களுக்கு ஜனவரி, பெப்ரவரி என்றாலே கவலைதான். விடியும்போது முற்றம் துகள் உறைபனி படிந்து உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும், வெயில் ஏறியதும் கரைந்துவிடும், இரண்டு நாளில் புல் கருகி வைக்கோலாகிவிடும். செத்துப்போச்சு என்று கொத்திப் போட்டுவிடாதீர்கள்.

வானிலைச் செய்தியில் 3 பாகை செல்சியஸ் என்பார்கள், பிறகு எப்படித் துகள் உறைபனி? அவர்களுடைய வெப்பமானி தரையைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை, நெஞ்சளவு உயரத்தில் இருக்கிறது. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் புல் தன் சூட்டை நேராக வானத்துக்கே விட்டுவிடுவதால் சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்து பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகிறது. அதோடு, குளிர்காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டு லயத்து வாசல் பச்சையாக இருக்க, கீழ்வீட்டு முற்றம் மட்டும் வெளுப்பது இதனால்தான்.

எரிவது இலை மட்டுமே. இங்கே அதிகம் காணும் கிக்குயூ புல்லுக்கு மண்ணுக்குள் ஓடும் தண்டு உண்டு. பகலில் வாங்கிய சூட்டை மண் இரவிலும் பிடித்துவைத்திருப்பதால் அது தப்பிவிடும். வெள்ளையாக இருக்கும்போது மிதிக்க மட்டும் கூடாது, உறைந்த இலை வளையாது, நொறுங்கும்.

சரி, ஏப்ரல் சீசனுக்குள் பச்சை வேண்டுமா? மார்ச், ஏப்ரல் பின்னேர இடிமழை பிடிப்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள். முள்ளுக் கருவியால் குத்தி இறுகிய இடங்களைத் தளர்த்தினால் வேருக்குக் காற்றுப் போகும். நம் மண் புளிப்பு. புளிப்பைக் காட்டும் அளவு பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு பி.எச். 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும், புல்லுக்கு 6ஐ ஒட்டி இருந்தால் நல்லது. புளிப்பு கூடினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும், பொஸ்பரஸ் மண்ணோடு கட்டுண்டு வேருக்குக் கிடைக்காது. டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைப் போடுவது அந்தப் புளிப்பைக் குறைக்கத்தான். ஒருமுறை அவசரப்பட்டு டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் கொட்டினேன். புளிப்பு குறைந்த மேல்மண்ணில் யூரியா அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது, காசும் அதோடு பறந்தது. இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

அப்புறம், கவ்வாத்து மாதிரி ஒட்ட வெட்டும் பழக்கம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுமுன் வேரில் மாவுச்சத்து இருக்கிறதா என்று அயடின் தொட்டுப் பார்ப்பார்கள், திரும்பத் துளிர்க்க அந்தச் சேமிப்புத்தான் சாப்பாடு. பனியில் கருகிய புல்லோ தன் சேமிப்பில் பெரும்பங்கைப் புது இலைக்கே செலவழித்துவிட்டு நிற்கிறது, ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் அதற்குத் தாங்காது.