ஒன்பது பொருத்தம்

எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் மருந்துகளைப் பற்றிய கேள்வி. நல்ல கேள்வி.

எல்-மைண்ட் ஆய்வில், நோய் திரும்பி வந்த அல்லது சிகிச்சைக்கு அடங்காத 81 பேருக்கு டஃபாசிடமாப் என்ற எதிர்ப்பானையும் (ஆன்டிபாடி) லெனலிடோமைட் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு. ஒப்பிட இன்னொரு குழு கிடையாது. பலருக்குக் கட்டி சுருங்கியது. லெனலிடோமைட் மட்டும் கொடுத்திருந்தாலே சுருங்கியிருக்குமோ?

அதைப் பார்க்க வந்ததுதான் ரீ-மைண்ட். வழக்கமான சிகிச்சையில் லெனலிடோமைட் மட்டும் எடுத்துக்கொண்ட 490 பேரின் மருத்துவப் பதிவுகளைத் திரட்டினார்கள், அதில் ஒப்பிடத் தகுந்தவர்கள் 140 பேர்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வயது, நோயின் நிலை, முன்பு எத்தனை சிகிச்சை, ரத்தசோகை, ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு என ஒன்பது விவரங்களை வைத்து, 'இப்படிப்பட்ட ஒருவர் புது மருந்துக் குழுவில் இருக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண் போடுகிறார்கள், அவர் பிழைத்தாரா, கட்டி கரைந்ததா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. கிட்டத்தட்ட ஒரே எண் வந்தவர்களை, குழுவுக்கு ஒருவராக, ஜோடி சேர்க்கிறார்கள். ஒரு ஜோடியில் இருவருக்கும் 0.6 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் புது மருந்து கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. காசு சுண்டிப் பிரித்ததற்குக் கிட்டத்தட்ட சமம்! ஜோடிக்குள் வயது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் எல்லா ஜோடிகளையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்பதிலும் ஒத்துப்போகும். நட்சத்திரம் பார்த்துச் சொல்லும் பத்துப் பொருத்தத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை, இந்த ஒன்பதில் உண்டு.

76 ஜோடிகள் அமைந்தன. இரண்டு மருந்தும் எடுத்தவர்களில் 67.1 சதவீதம் பேருக்கு நோய் மட்டுப்பட்டது, லெனலிடோமைட் மட்டும் எடுத்தவர்களில் 34.2 சதவீதம். நோய் முழுதாக மறைந்தது 39.5, 13.2.

ஆனால் பதிவில் எழுதாத எதையும் இந்தக் கணக்கால் சமன்செய்ய முடியாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததா, சோறு இறங்கியதா, யார் எழுதி வைத்தார்கள்? புது மருந்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை மருத்துவமனைப் பதிவுகளை ஒழுங்காக வைக்கும் ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பேன். என் பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்.டி.எச். என்று அச்சடித்து, எதிரே பேனாவால் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். ஒன்பதில் ஒன்று இல்லை. அவரை யாருடனும் ஜோடி சேர்க்க முடியாது.