ஏஐ ஏஜென்ட்டுக்கு யூடியூப் தரவு: டூல் விவரணத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

ஏபிஐ (ஒரு சேவையின் தரவை நிரல் வழியாகக் கேட்டுப் பெறும் வழி) ஆவணத்தைப் படிக்கும் டெவலப்பருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பார், இல்லையென்றால் சோதித்துப் பார்ப்பார். ஏஜென்ட், அதாவது டூல் எனப்படும் செயல்பாடுகளைத் தானே அழைத்து வேலையை முடிக்கும் ஏஐ நிரல், பெரும்பாலும் கேட்காது. டூலின் பெயர், விவரணம், உள்ளீடுகள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐ மாடல்களை வெளி டூல்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் டூலை மாடலுக்கு அறிமுகப்படுத்துபவை முக்கியமாக இவைதான். நாம் சொல்லாமல் விட்டதை மாடல் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். அது அறிக்கையில் எண்ணாக வந்து உட்காரும். அதை நம்பி யாரோ ஒருவர் முடிவெடுப்பார். சமூக ஊடகத் தரவு எடுக்கும் டூலுக்கு விவரணம் எழுதுவதை நிரல் எழுதுவதற்குச் சமமான வேலையாக நாங்கள் பார்ப்பது இதனால்தான். யூடியூப் டேட்டா ஏபிஐயின் வி3 பதிப்பை வைத்துப் பார்ப்போம்.

"யூடியூபில் வீடியோக்களைத் தேடும்" என்ற ஒற்றை வரியோடு பல டூல்கள் நின்றுவிடுகின்றன. அதையே இப்படி எழுதலாம்:

"தேடுசொல்லுக்குப் பொருந்தும் வீடியோக்களின் ஐடி, தலைப்பு, சேனல், வெளியான நேரம் ஆகியவற்றைத் தரும். பார்வை, லைக் எண்ணிக்கைகள் இதில் வராது. அவற்றுக்கு வீடியோ விவர டூலை அழைக்கவும். எண்ணிக்கை குறிப்பிடாவிட்டால் 5 முடிவுகள் வரும், ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 50. ஒவ்வொரு அழைப்புக்கும் 100 யூனிட் செலவாகும். வீடியோ ஐடி கையில் இருந்தால் இந்த டூலை அழைக்க வேண்டாம்."

கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் பலர் எழுதுவதில்லை. யூனிட் என்பது ஏபிஐ பயன்பாட்டை கூகுள் கணக்கிடும் அளவு. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு இயல்பாகக் கிடைப்பது நாளொன்றுக்கு 10,000 யூனிட். தேடலுக்கு 100 யூனிட் போகிறது. ஐடி கொடுத்து விவரம் எடுக்க 1 யூனிட்தான், அதிலேயே 50 ஐடி வரை சேர்த்து அனுப்பலாம். செலவு தெரியாத ஏஜென்ட் சொல்லை மாற்றி மாற்றித் தேடிக்கொண்டே இருக்கும். நூறு தேடலில் அன்றைய கோட்டா காலி. இந்த எண்களை கூகுள் மாற்றக்கூடும் என்பதால் சரிபார்த்த தேதியையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

பிழைச் செய்திகளில் இன்னும் கவனம் வேண்டும். கோட்டா தீர்ந்தாலும் 403 என்ற பிழை எண்தான் வருகிறது, வீடியோவில் கமென்ட் மூடப்பட்டிருந்தாலும் 403தான் வருகிறது. முன்னதற்கு அன்றைய வேலையை நிறுத்த வேண்டும். பின்னதற்கு அந்த வீடியோவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் போதும். வெறும் 403ஐ நீட்டினால் ஏஜென்ட் இரண்டையும் குழப்பிக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். பதிலுக்குள் 'கோட்டா எக்ஸீடட்', 'கமென்ட்ஸ் டிஸேபிள்ட்' என்று காரணம் தனியாக இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்லுங்கள்: "இன்றைய கோட்டா தீர்ந்தது. மறுபடி முயல வேண்டாம். பசிபிக் நேரம் நள்ளிரவில் புதுப்பிக்கப்படும்." அமெரிக்காவில் கோடை நேரம் அமலில் இருக்கும்போது அது நமக்குப் பகல் 12:30, மற்ற மாதங்களில் 1:30.

பூஜ்யமும் 'தெரியாது' என்பதும் ஒன்றல்ல. கமென்ட் மூடிய வீடியோவுக்குக் கமென்ட் எண்ணிக்கை என்ற புலமே (பதிலில் அந்தத் தகவலுக்கான இடமே) வராமல் போகலாம். லைக்கை மறைத்து வைத்திருந்தாலும் அப்படித்தான். புலம் இல்லையென்றால் 0 என்று நிரலில் எழுதிவைத்தால், "யாரும் கருத்துச் சொல்லவில்லை" என்று அறிக்கை தயாராகிவிடும். அந்த இடத்தில் 'கிடைக்கவில்லை' என்றே அனுப்புங்கள். டிஸ்லைக் எண்ணிக்கை 2021 டிசம்பர் 13 முதல் வீடியோ உரிமையாளருக்கு மட்டுமே கிடைக்கிறது என்பதையும், சந்தாதாரர் எண்ணிக்கை முதல் மூன்று இலக்கங்களோடு குறைத்துத் தரப்படுகிறது என்பதையும் எழுதுங்கள்; 1,23,456 பேர் இருந்தால் 1,23,000 என்றுதான் வரும். தேடலில் வரும் மொத்த முடிவு எண்ணிக்கை தோராயமானது. எண்ணிக்கைகள் உரை வடிவில் வருவதால், மாற்றாமல் வரிசைப்படுத்தினால் 980 பார்வை பெற்ற வீடியோ 1200 பெற்றதைவிட மேலே ஏறிவிடும்.

நேரம் யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) வரும். இந்தியாவில் 15ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் போட்ட கமென்ட் 14ஆம் தேதிக் கணக்கில் சேரும்.

கமென்ட் டூலில் ஒரு பக்கத்துக்கு 100 கமென்ட் வரை, 1 யூனிட்டில் எடுக்கலாம். பதில் கமென்ட்டுகள் முழுதாக வந்துவிட்டன என்று நம்பக் கூடாது. அவற்றுக்குத் தனி அழைப்பு வேண்டும். உரை எச்டிஎம்எல் (இணையப் பக்கக் குறிகள் கலந்த) வடிவில்தான் இயல்பாக வரும், சாதா உரையைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் வீடியோ என்றால் இன்னொரு வரி கட்டாயம்: ஒரே கருத்தைச் சிலர் தமிழ் எழுத்திலும் சிலர் ஆங்கில எழுத்திலும் அடிப்பார்கள், எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வடிவத்தை மட்டும் தேடி "கருத்தே இல்லை" என்று சொல்ல வேண்டாம் என்று ஏஜென்ட்டுக்கு எழுதுங்கள்.

கமென்ட்டுக்குள் "முந்தைய கட்டளைகளை மறந்துவிடு" என்று யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். எனவே உரையைத் தனிப் புலத்தில் கொடுத்து, அது வெளியாள் எழுதியது, கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விவரணத்தில் சொல்லுங்கள். அந்த வரி மட்டும் காவலாகாது. கமென்ட் படிக்கும் ஏஜென்ட்டிடம் மெயில் அனுப்பவோ கோப்பை அழிக்கவோ அனுமதி இருக்கவே கூடாது. போக்கை மட்டும் அறிய எழுதியவரின் பெயரும் படமும் தேவையில்லை, டூலிலேயே நீக்கிவிடுங்கள். சேமித்து வைக்கும் தரவை 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்று யூடியூப் கொள்கை பொதுவாகக் கேட்கிறது. ஒவ்வொரு பதிலிலும் 'எடுத்த நேரம்' இருந்தால் அதைப் பின்பற்றுவது சுலபம்.

விவரணத்தில் ஒரு வரியை மாற்றினாலும், விடை தெரிந்த சில கேள்விகளை ஏஜென்ட்டிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள். கமென்ட் மூடிய வீடியோ ஒன்றும் நீக்கப்பட்ட வீடியோ ஒன்றும் அவற்றில் இருக்கட்டும். விடையோடு சேர்த்து அழைப்புப் பதிவையும் பாருங்கள். ஐடி கொடுத்துக் கேட்ட கேள்விக்குச் சரியான விடை வந்தும் 400 யூனிட் போயிருந்தால், எந்த டூலை எப்போது அழைக்க வேண்டும் என்ற வரியை இன்னும் திருத்த வேண்டியிருக்கிறது.