கிளைடெஸ்டேல் குதிரைக்கு ஜோடி பார்ப்பது எப்படி?

1911 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் 'பேரன் ஆஃப் பக்லைவி' என்ற கிளைடெஸ்டேல் பொலிக்குதிரை (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரை) ஏலத்துக்கு வந்தது. வில்லியம் டன்லப், ஜேம்ஸ் கில்பாட்ரிக் ஆகிய இருவரும் அதன் கூட்டுச் சொந்தக்காரர்கள். அவர்களுக்குள் மூண்ட வழக்கு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைவரை போனது. கடைசியில் குதிரையை ஏலத்தில் விட்டார்கள். டன்லப் தரப்பு 9,500 பவுண்டு கொடுத்து எடுத்தது. 3 ஆண்டுகூட ஆகவில்லை; 1914-ல் ஒரு பெட்டைக்குதிரை உதைத்ததில் கால் முறிந்து அது இறந்தது. அதன் எலும்புக்கூடு கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கலப்பையும் பார வண்டியும் இழுக்கிற இனத்தில் இத்தனை விலை எதற்கு? அந்தக் குதிரை இழுக்கப்போகும் பாரத்துக்காக அல்ல, அதன் விந்துக்காக. கிளைடெஸ்டேல் இனத்தை உருவாக்கியது பொலிக்குதிரை வாடகைத் தொழில்தான். அதே தொழில்தான் அந்த இனத்தின் ரத்தத்தை ஒரு சில வம்சங்களுக்குள் குறுக்கியும் வைத்தது. இன்று இந்தக் குதிரைக்கு ஜோடி பார்க்கிற எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், லானார்க்‌ஷயர் பகுதியில், உள்ளூர்ப் பெட்டைகளோடு ஃபிளாண்டர்ஸ் பகுதியின் பெரிய பொலிக்குதிரைகளைச் சேர்த்ததில் 18-ஆம் நூற்றாண்டில் இந்த இனம் உருவானது. குதிரையின் உயரத்தைக் 'கை' கணக்கில் சொல்வார்கள். ஒரு கை 4 அங்குலம். கிளைடெஸ்டேல் பொதுவாக 16 முதல் 18 கை உயரம் இருக்கும். எடை 800 கிலோவைத் தாண்டும். நன்கு வளர்ந்த பொலிக்குதிரை ஒரு டன்னைத் தொடும்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, ஒரு பருவத்துக்கு ஒரு பொலிக்குதிரையை வாடகைக்கு எடுப்பார்கள். குதிரைக்காரர் அதைக் கையில் பிடித்தபடி வாரம் முழுவதும் குறித்த பாதையில் பண்ணை பண்ணையாக நடந்துபோவார். கட்டணத்தில் ஒரு பகுதியைச் சேர்க்கையின்போதே வாங்குவதும், மீதியைப் பெட்டை சினையானது உறுதியான பிறகு வாங்குவதும் வழக்கம். இந்த ஏற்பாட்டினால் ஏழைக் குத்தகைதாரரின் பெட்டைக்கும் நாட்டிலேயே சிறந்த குதிரையின் குட்டி கிடைத்தது. ஒரு நல்ல குதிரையின் ரத்தம் சில ஆண்டுகளில் ஒரு மாவட்டம் முழுக்கப் பரவவும் செய்தது.

1877-ல் கிளைடெஸ்டேல் குதிரைச் சங்கம் தொடங்கி, வம்சப் பதிவேடு அச்சான பிறகு ஒவ்வொரு குதிரைக்கும் பெயரோடு ஓர் எண்ணும் வந்தது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 673, டார்ன்லி 222 என்று இனத்தின் இரண்டு தூண்களையும் எண்ணோடுதான் சொல்வார்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மகள்களை டார்ன்லியோடு சேர்த்தது பெரும் வெற்றி. எல்லோரும் அதையே செய்ததால் அடுத்தடுத்த தலைமுறைகளில் இந்த இரண்டு ரத்தமும் திரும்பத் திரும்பச் சந்தித்தன. டார்ன்லியின் ஆண் வழியில் வந்தது பேரன்ஸ் பிரைட். அதன் மகன்தான் ஏர் ஏலத்தில் விற்ற பேரன் ஆஃப் பக்லைவி. அதன் மகன் 1908-ல் பிறந்த டன்யூர் ஃபுட்பிரிண்ட். பருவகாலத்தில் இரவு பகலாக 2 மணி நேரத்துக்கு ஒரு பெட்டையோடு அதைச் சேர்த்தார்கள் என்றும், 5,000-க்கும் மேற்பட்ட குட்டிகளுக்கு அது தந்தை என்றும் இனத்தின் வரலாற்றில் சொல்கிறார்கள்.

டிராக்டர் வந்ததும் குதிரைகளின் எண்ணிக்கை சரிந்தது. 1970-களில் பிரிட்டனின் அரிய இனங்கள் பாதுகாப்பு அறக்கட்டளை இதை அழிவு அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. ரத்தம் ஏற்கெனவே குறுகியிருந்த இனத்தில் தலைகளும் குறைந்தது இரட்டை அடி.

குறுகியது எவ்வளவு என்பதை அளக்க ஒரு வாய்பாடு இருக்கிறது. இனப்பெருக்கத்தில் உள்ள ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4 மடங்காக்கி, ஆண் பெண் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 100 பெட்டைகளுக்கு 5 பொலிக்குதிரைகள் என்றால் விடை 19. கண்ணுக்கு 105 குதிரைகள் தெரிந்தாலும், மரபணுக் கணக்கில் அது 19 குதிரைகள் உள்ள மந்தைதான். அதே 100 பெட்டைகளுக்கு 20 பொலிக்குதிரைகளைப் பயன்படுத்தினால் விடை 67 ஆகிறது. ஒரு பெட்டையைக்கூடக் கூடுதலாக வாங்காமல், ஆண்களை மாற்றிப் பயன்படுத்தியே மூன்று மடங்குக்கு மேல் விரிவு கிடைக்கிறது. பரிசு வாங்கிய குதிரைக்கே எல்லோரும் வரிசையில் நிற்பது தனி ஆளுக்கு லாபம், இனத்துக்கு நஷ்டம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தனி ஜோடிக்கு இன்னொரு கணக்கு. ஒரே தந்தைக்கும் வெவ்வேறு தாய்க்கும் பிறந்த இரண்டு குதிரைகளைச் சேர்த்தால் குட்டியின் உள்ளுறவு விகிதம் (பெற்றோர் எவ்வளவு நெருங்கிய ரத்த உறவு என்பதன் அளவு) 12.5%. தாத்தாவையும் பேத்தியையும் சேர்த்தாலும் அதேதான். ஒரே ஒரு பொதுத் தாத்தா மட்டும் இருந்தால் சுமார் 3%. ஆனால் விற்பனைப் பட்டியலில் அச்சாகும் 5 தலைமுறை வம்சாவளியில் 62 பெயர்கள்தான் இருக்கும். அதில் எந்தப் பெயரும் இரண்டு முறை வரவில்லை என்று நிம்மதி அடையக் கூடாது. 10-ஆம் தலைமுறையில் மட்டும் 1,024 இடங்கள். கிளைடெஸ்டேலில் அந்த இடங்களில் ஒரு சில பெயர்களே மறுபடி மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் இந்த விகிதத்தைக் கேட்கும்போது எத்தனை தலைமுறைக் கணக்கு என்றும் கேளுங்கள். தலைமுறை ஆழம் சொல்லாத உள்ளுறவு விகிதத்தால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து, கண்ணெதிரே நிற்கும் குதிரை. பிரிட்டனின் 1918-ஆம் ஆண்டுக் குதிரை இனப்பெருக்கச் சட்டத்தின்படி, கண்புரை, மூச்சிரைப்பு, குளம்பு மேல் குருத்தெலும்பு இறுகுதல், பின்கால் முட்டியில் எலும்பு வளர்தல், பின்கால் நடுக்கம் போன்ற குறைகள் இருந்த பொலிக்குதிரைக்கு அன்று உரிமம் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பட்டியலை வைத்தே ஒரு குதிரையை அலசலாம். குதிரையை உங்களிடமிருந்து நேராக விலகி நடக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் லாடத்தின் உள்பக்கம் முழுசாகத் தெரிய வேண்டும். பின்கால் முட்டிகள் ஒன்றையொன்று நெருங்கி இருப்பது இந்த இனத்தின் லட்சணம். முட்டிகள் வெளிப்பக்கம் விரிவது பெருங்குறை. பின்காலைத் தூக்கும்போது கால் அந்தரத்தில் நடுங்கினாலோ, குதிரையைப் பின்னோக்கி நகர்த்தும்போது வால் விறைத்து எழுந்தாலோ அதை விட்டுவிடுங்கள்.

பலர் செய்யத் தவறுவது ஒன்று உண்டு. கால் ரோமத்தை விலக்கி, கணுவுக்குக் கீழே பின்பக்கத் தோலை விரலால் தடவிப் பாருங்கள். தோல் தடித்து மடிப்பு விழுந்திருந்தாலோ, கட்டி கட்டியாக இருந்தாலோ, அது நிணநீர் தேங்கும் நாள்பட்ட வீக்க நோயாக இருக்கலாம். கிளைடெஸ்டேல், ஷயர், பெல்ஜியக் கனரகக் குதிரைகளில் காணப்படும் இந்த நோய் வயதாக ஆகக் கூடுமே தவிரக் குறையாது. முழுமையாகக் குணப்படுத்தவும் வழியில்லை. அடர்ந்த ரோமம் கண்காட்சியில் பரிசு வாங்கித் தரும். அதே ரோமம் இந்த வீக்கத்தை மூடி மறைக்கும். 8 வயதுக்கு மேற்பட்ட பொலிக்குதிரையாக இருந்து, கால் தோல் மென்மையாகவும் இருந்தால், அது எந்தக் கோப்பையையும்விட நல்ல சான்று.

நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் ரத்தத்தைக் குறுக்கும். அமெரிக்காவின் பட்வைசர் வண்டி அணியில் சேர, குதிரை காயடித்ததாக, குறைந்தது 4 வயதானதாக, 18 கை உயரமுள்ளதாக, செம்பழுப்பு நிறத்தில் நான்கு வெள்ளைக் கால்களோடும் முகத்தில் வெள்ளைப் பட்டையோடும் இருக்க வேண்டும். விளம்பர வண்டிக்கு அது பொருத்தமே. ஆனால் அந்தச் சாயலைத் தேடி, நல்ல குளம்புள்ள கறுப்புக் குதிரையையோ வெள்ளை ரோமம் கலந்த குதிரையையோ ஒதுக்குவது பெரிய தவறு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் 'உயிர்க்குட்டி உத்தரவாதம்' என்ன சொல்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். குட்டி எழுந்து நின்று பால் குடித்தால் உத்தரவாதம் நிறைவேறியது என்பதே பொதுவான விளக்கம். மறுநாள் குட்டி இறந்தால் பணம் திரும்பாது. கூடவே, தொற்றுக் கருப்பை அழற்சிக்கான சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். இந்த நோயை முதன்முதலில் 1977-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் கண்டறிந்தார்கள். பொலிக்குதிரைக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் சேரும் பெட்டைகளுக்குத் தொற்றக்கூடும். அதனால் குறைந்தது 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள்.

பெட்டைக்குதிரை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; 5 முதல் 7 நாள் அந்த நிலையில் இருக்கும். பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்புதான் கருமுட்டை வெளிவரும். நேரடிச் சேர்க்கையாக இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்த்தாலே போதும். பெட்டையின் பின்கால் லாடத்தைக் கழற்றி, வாலைத் துணியால் சுற்றி, பிறப்புறுப்பைச் சுத்தமான வெதுவெதுப்பான நீரால் கழுவுவார்கள். பேரன் ஆஃப் பக்லைவிக்கு நேர்ந்தது நினைவிருந்தால் லாடம் கழற்றும் வேலையை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். இரண்டு குதிரைகளையும் பிடித்திருப்பவர்கள் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். ஏதாவது தப்பினால் இரண்டு தலைகளையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளலாம், குதிரைகளின் பின்பகுதி தானாக விலகிப்போகும். பொலிக்குதிரையின் வால் மேலும் கீழுமாகத் துடிப்பது விந்து வெளியேறுவதற்கான அடையாளம்.

குளிர்வித்த விந்தை அனுப்பி வாங்குவதானால் நேரக் கணக்கு கண்டிப்பானது. எடுத்த விந்தைக் கொழுப்பு நீக்கிய பாலும் குளுக்கோஸும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த கரைசலில் நீர்த்து, 5 டிகிரி செல்சியஸுக்கு மெல்லக் குளிர்விக்கிறார்கள். 24 மணி நேரத்தில் பாதி அணுக்கள் அசைவிழக்கலாம் என்பதால், போய்ச் சேரும்போது 50 கோடி மிஞ்சட்டும் என்று 100 கோடி அணுக்களை அனுப்புவது வழக்கம். வேகமாகக் குளிர்வித்தால் அணுக்களின் சவ்வு சேதமாகி, அவை வட்டமடித்தே நீந்தும். உறைவிந்தாக இருந்தால் இன்னும் கடினம். உருக்கிய பிறகு அணுக்கள் சில மணி நேரமே தாங்குவதால், கருமுட்டை வெளிவந்த 6 மணி நேரத்துக்குள் கருப்பையில் சேர்த்தாக வேண்டும். எல்லாப் பொலிக்குதிரையின் விந்தும் உறைவதைத் தாங்காது. உருக்கிய பின் அணுக்கள் எவ்வளவு அசைகின்றன என்ற அறிக்கை கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள்.

பந்தயக் குதிரைகளோடு மட்டுமே பழகிய மருத்துவர் இங்கே தவறுவதற்கு ஒரு காரணம் உண்டு. பந்தயக் குதிரையில் கருமுட்டை வளரும் சினைமுட்டைப் பை 35 மில்லிமீட்டரைத் தாண்டினாலே, முட்டையை வெளிவரச் செய்யும் ஊசி போடத் தயாராகிவிடுவார்கள். கனரகப் பெட்டையில் அது பெரும்பாலும் 50 மில்லிமீட்டரை நெருங்கிய பிறகுதான் உடையும். சின்ன எண்ணை நம்பி விந்தை வரவழைத்தால், அது இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வந்து வீணாகும். பையின் அளவோடு, கருப்பைச் சுவரின் நீர்க்கோவை குறைகிறதா, பை மென்மையாகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கருமுட்டை வெளிவந்த 14 முதல் 16 நாளில் ஸ்கேன் பார்ப்பது கட்டாயம், முக்கியமாக இரட்டைக் கருவுக்காக. குதிரையில் இரட்டைக் குட்டிகள் பெரும்பாலும் இரண்டுமே பிழைக்காது. 16-ஆம் நாளுக்குள் கருக்கள் ஓரிடத்தில் பதியாமல் நகர்ந்துகொண்டிருப்பதால், ஒன்றைப் பிரித்து நசுக்கி மற்றதைக் காப்பாற்றலாம். அதன் பிறகு இரண்டும் ஒட்டியிருந்தால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும்.

சினைக்காலம் சராசரியாக 340 நாள். பனிக்குடம் உடைந்ததும் 20 முதல் 30 நிமிடத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். வெண்மையான சவ்வுக்குப் பதில் சிவந்த, வெல்வெட் போன்ற பை முதலில் தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குட்டிக்கு ஆக்சிஜன் போகவில்லை. மருத்துவருக்குக் காத்திராமல் உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். நஞ்சுக்கொடி 3 மணி நேரத்துக்குள் விழாவிட்டாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கனரகப் பெட்டைகளில் இது அடிக்கடி நேர்கிறது. கருப்பையில் புண்ணாகி, அந்தப் புண்ணின் விஷம் குளம்பு வரை போய்க் குளம்பழற்சியாக முடியும். நஞ்சுக்கொடியைக் கையால் பிடித்து இழுக்கவே கூடாது.

குட்டிக்கு முதல் 2, 3 மணி நேரத்தில் சீம்பால் போய்ச் சேர வேண்டும். பிறகு பிடரியிலிருந்து 20, 30 மயிர்களை வேரோடு பிடுங்கி அனுப்பினால் மரபணுச் சோதனையில் தாய் தந்தை உறுதியாகும். அதன்பின் மைக்ரோசிப், குதிரைக்கான அடையாளக் கடவுச்சீட்டு, வம்சப் பதிவேட்டில் எண். ஆண்குட்டிகளில் பெரும்பாலானவற்றை ஓரிரு வயதில் காயடித்துவிடுகிறார்கள், அது சரிதான். ஆனால் தந்தையின் வழியில் பொலிக்குதிரைகள் ஒன்றிரண்டே மிஞ்சியிருந்து, குட்டியின் இரண்டு விதைகளும் இறங்கி, காலும் கண்ணும் சுத்தமாக இருந்தால், கத்தியை எடுக்குமுன் சங்கத்தைக் கேளுங்கள். இரண்டு வயதில் ஒரு பருவத்துக்கு 10, 15 பெட்டைகளோடு மட்டும் சேர்த்துப் பார்த்து, அந்தக் குட்டிகளின் கால்களைக் கண்ட பிறகும் காயடிக்கலாம்.