திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஒரு தொண்டு நிறுவனம் ஓராண்டில் எத்தனை புத்தகங்களை வழங்கியது என்பதைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவற்றால் குழந்தைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்ததா என்பதைப் பதிவேடு சொல்லாது. மதிப்பீட்டாளர்கள் முன்னதை வெளியீடு என்றும் பின்னதை விளைவு என்றும் பிரிக்கிறார்கள். ஆண்டறிக்கைகளில் பெரிய எழுத்தில் அச்சாகும் எண்கள் பெரும்பாலும் வெளியீடுகளே.

விளைவை அளப்பதற்கு, திட்டம் தொடங்கும் முன் ஓர் அடிப்படைக் கணக்கெடுப்பும் முடிந்தபின் இன்னொன்றும் நடத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டத்தின் பயனாகக் காட்டும் வழக்கம் உண்டு. சறுக்கல் இங்கேதான் நேர்கிறது. ஓராண்டு கழிந்தால் எந்தத் திட்டமும் இல்லாமலேயே குழந்தைகள் முன்பைவிட நன்றாக வாசிப்பார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் சேர்த்திருந்தால், அவர்களில் சிலர் அன்றைக்கு மட்டும் மோசமாக எழுதியவர்களாக இருப்பார்கள். அடுத்த தேர்வில் அவர்களுடைய மதிப்பெண் தானாகவே சராசரியை நோக்கி உயரும்.

ஆகவே, திட்டம் இல்லாதிருந்தால் இதே மக்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதை நேரில் காண வழியில்லை என்பதால், அவர்களை ஒத்த, ஆனால் திட்டத்தைப் பெறாத ஒரு குழுவோடு ஒப்பிடுகிறார்கள். தாமாக முன்வந்து சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டால் பயனில்லை. ஆர்வத்திலேயே இரு தரப்பும் வேறுபட்டவை. குலுக்கல் முறையில் பிரித்தால், குழுக்கள் போதிய அளவு பெரியவையாக இருக்கும்வரை, நாம் அளக்காத வேறுபாடுகளும் இரண்டிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும்.

உதவியைச் சிலருக்கு மறுப்பது முறையா என்ற கேள்வி நியாயமானது. கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1998இல் தொடங்கிய குடற்புழு நீக்கத் திட்டத்தில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. 75 பள்ளிகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்காமல், அகரவரிசைப் பட்டியலில் மூன்றுக்கு ஒன்றாக எண்ணி (கறாரான குலுக்கல் அல்லதான்) மூன்று குழுக்களாகப் பிரித்து, 1998, 1999, 2001 ஆகிய ஆண்டுகளில் படிப்படியாகச் சேர்த்தார்கள். காத்திருந்த பள்ளிகளே ஒப்பீட்டுக் குழுவாயின. இதை ஆராய்ந்த எட்வர்ட் மிகுவெல், மைக்கேல் கிரெமர் ஆகியோரின் கட்டுரை 2004இல் வெளிவந்தது. மருந்து பெற்ற பள்ளிகளில், மருந்து உட்கொள்ளாத மாணவர்களிடமும் தொற்று குறைந்திருந்தது. ஒரே பள்ளிக்குள் மாணவர்களை ஒப்பிட்டிருந்தால் பயன் குறைவாகவே தெரிந்திருக்கும்.

அதே ஆய்வில் பள்ளிக்கு வராமை சுமார் கால் பங்கு குறைந்தது, ஆனால் தேர்வு மதிப்பெண்கள் உயரவில்லை. இவற்றில் எது திட்டத்தின் வெற்றி என்பதை முடிவு தெரிந்த பிறகு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அடைப்பதற்காகவே, எதை அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்யும் நடைமுறை ஆய்வாளர்களிடையே பரவியிருக்கிறது.